எந்தக் களை குப்பைக்குழிக்கு, எந்தக் களை வெயிலுக்கு

களை எடுத்து முடித்து வரப்போரம் குவித்து வைத்த பச்சையைப் பார்த்தால் அதை வீச யாருக்கும் மனசு வராது. அவ்வளவும் நம் மண்ணிலிருந்து உறிஞ்சிய சத்து. அதைக் கொளுத்தினால் தழைச்சத்து புகையாகப் போகும். ரோட்டோரம் கொட்டினால் விதை ஊரெல்லாம் பரவும். யோசிக்காமல் குப்பைக்குழியில் அள்ளிப் போட்டாலோ, அடுத்த பட்டத்துக்குக் குப்பை அடிக்கும்போது நாமே வயல் முழுக்கக் களை விதைத்த கணக்காகிவிடும். தொழுவுரம் அடித்த வயலில் முள்ளுக்கீரையும் சாரணையும் பாய் விரித்தது போல முளைப்பது இதனால்தான். மாடு தின்ற விதையில் ஒரு பகுதி சாணத்தோடு உயிருடன் வெளியே வருகிறது. சூடேறாத குழியில் கிடந்து அப்படியே வயலுக்குப் போகிறது.

"எந்தக் களையைப் போடலாம்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியல் கிடைக்கும். அது பாதிதான் உதவும். ஒரே செடி பூக்கும் முன்பு அருமையான எரு. பூத்துப் பதினைந்து நாள் ஆனால் வில்லங்கம். செடியைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது, இது மறுபடி எதனால் முளைக்கும் என்பதை. விதையால் மட்டுமா, தண்டின் கணுவாலா, மண்ணுக்குள் இருக்கும் கிழங்காலா? அடுத்தது, நம் குவியல் உண்மையிலேயே சூடேறுகிறதா என்பது. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பெயர் தெரியாத களையைக்கூடத் தைரியமாகத் தரம் பிரிக்கலாம்.

விதையால் மட்டும் முளைப்பவை

தமிழ்நாட்டு மானாவாரி நிலத்திலும் தோட்டத்திலும் வருகிற களைகளில் பெரும்பகுதி இந்த வகைதான். குப்பைமேனி, தும்பை, துத்தி, கீழாநெல்லி, நாயுருவி, குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, சாரணை, ஊமத்தை, பார்த்தீனியம் எல்லாம் இதில் அடங்கும். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வாடவிட்டால் செடி செத்துவிடும். விதை பிடிக்காத வரை இவற்றை எந்தக் குழியிலும், எவ்வளவு குளிர்ந்த குழியிலும் போடலாம். கொழிஞ்சி, எருக்கு இரண்டையும் களை என்று சொல்வதே தவறு. கொழிஞ்சி வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கிற பயறுவகைச் செடி. எருக்கந்தழையை நெல் வயலில் போட்டு மிதிப்பது பழைய வழக்கம். இரண்டும் குவியலுக்கு வந்தால் சாணத்தின் அளவைக்கூடக் குறைத்துக்கொள்ளலாம். எருக்கை வெட்டும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

விஷச்செடி என்று ஊமத்தையைப் பலர் ஒதுக்குகிறார்கள். அதன் விஷம் மாட்டுக்கும் மனிதருக்கும்தான். நன்றாக மட்கும்போது அது சிதைந்துவிடுகிறது. குவியலை ஆடு மாடு வாய் வைக்காதபடி மூடி வைத்தால் போதும். ஊமத்தையில் பயப்பட வேண்டியது அதன் முள்காய்க்குள் இருக்கும் விதைக்குத்தான்.

விதை பிடித்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குப்பைக்கீரை, முள்ளுக்கீரையின் கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதிவிட்டுப் பாருங்கள். கையில் கடுகை விடச் சிறிதாக, பளபளவென்று கருப்பு மணிகள் நின்றால் முற்றிய விதை. வெள்ளையாகவோ பச்சையாகவோ நசுங்கினால் இன்னும் நேரம் இருக்கிறது. கீழாநெல்லி ஏமாற்றும். மேலிருந்து பார்த்தால் வெறும் இலை. காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வரிசையாகக் காய் கோத்திருக்கும். சாரணை இன்னும் மோசம். மழை பெய்து முளைத்த ஒரு மாதத்துக்குள்ளேயே இலைக்கக்கத்தில் காய் ஒளிந்திருக்கும். பூவே கண்ணில் படவில்லை என்று நம்பிப் போட்டுவிடக்கூடாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பிடுங்கிய செடி உடனே சாவதில்லை. பூத்து மகரந்தம் சேர்ந்த பிறகு பிடுங்கிப் போட்டால், தண்டில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் சத்தையும் இழுத்துக்கொண்டு விதை முற்றிவிடும். சதைப்பற்றுள்ள பருப்புக்கீரையும் சாரணையும் இதில் கெட்டிக்காரச் செடிகள். தாத்தாப்பூவும் பார்த்தீனியமும் அப்படித்தான். அதனால் "பூதானே, விதை இல்லையே" என்ற கணக்கு உதவாது. பூ விரிந்த செடியை விதையுள்ள செடியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பூக்கதிரை மட்டும் அரிவாளால் கிள்ளித் தனிச்சாக்கில் போட்டுவிட்டு, மிச்சத் தழையையும் தண்டையும் குழியில் போடுவது பத்து நிமிட வேலை. முள்ளுக்கீரைக்கும் நாயுருவிக்கும் இது நன்றாகப் பொருந்தும்.

கிள்ளிய கதிரை என்ன செய்வது? கோழி இருந்தால் கோழிக்குப் போடுங்கள். கோழியின் இரைப்பையில் கல்லோடு அரைபட்டு விதையில் பெரும்பகுதி அழிந்துவிடும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட்டால் விதை சுற்றிக்கொண்டு நம் குழிக்கே திரும்பி வரும்.

பார்த்தீனியம்

இதற்குத் தனியாக இடம் கொடுத்தே ஆக வேண்டும். அமெரிக்கக் கண்டத்துச் செடி; 1950-களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டது; இன்று தரிசு, ரயில்பாதை, பள்ளி மைதானம் எதையும் விடவில்லை. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். ஈரம் கிடைத்தால் வருடம் முழுக்க முளைக்கும்; முளைத்து நாலைந்து வாரத்தில் வெள்ளைப்பூ எட்டிப் பார்க்கும். தோலில் பட்டால் அரிப்பு, கொப்புளம். மகரந்தத்தை மூச்சில் இழுத்தால் சிலருக்கு இழுப்பு. ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்தடுத்துப் படும்போது அது கூடத்தான் செய்யும். அவரை அந்த வேலைக்கு அனுப்பக்கூடாது.

பிடுங்கச் சரியான நேரம், மழைக்கு மறுநாள் காலை. மண் இளகியிருக்கும், வேரோடு வரும். இலை தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும் பருவமும், தண்டு எழும்பி முழங்கால் உயரம் வந்தும் பூக்காத பருவமும் எருவுக்கு ஏற்றவை. ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கில் துணி கட்டாயம். பச்சையாக மூடாக்குப் போடாதீர்கள். இந்தச் செடியில் இருக்கும் வேதிப்பொருள் பக்கத்துப் பயிரின் முளைப்பைத் தடுக்கும். முழுதாக மட்கினால் அந்தத் தொல்லை போய்விடும். பூத்துவிட்ட பார்த்தீனியத்தைச் சூடேறும் குவியலின் நடுவில் மட்டும் வைக்கலாம். நன்றாக மூடிய ஆழக்குழியில் நாலைந்து மாதம் போட்டு வைக்கும் முறையும் உண்டு. செங்கல் இடைவெளி விட்டுக் கட்டிய நாடெப் தொட்டியில் பூத்த பார்த்தீனியத்தைப் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. அந்தத் தொட்டியைக் கிளறுவதில்லை; சுவரோரம் காற்றுப்பட்டுக் காய்ந்தே கிடக்கும்; சூடு நடுவோடு நின்றுவிடும்.

மண்புழு உரப் படுக்கைக்கும் இதே எச்சரிக்கை. மண்புழுவுக்குச் சூடு ஆகாது; 35 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும். புழு வாழும் படுக்கையில் விதையும் வாழும். விதையுள்ள களையை முதலில் சூட்டுக் குவியலில் இரண்டு மூன்று வாரம் வேகவைத்து, ஆறிய பிறகு புழுவுக்குக் கொடுங்கள்.

கணுவில் உயிர் வைத்திருப்பவை

அருகம்புல், கானாவாழை, பருப்புக்கீரை, தாத்தாப்பூ, பொன்னாங்கண்ணி, நெய்வேலிக் காட்டாமணக்கு. இவற்றுக்கு விதை இல்லாமலும் வாழத் தெரியும். ஒரு கணு ஈரத்தில் பட்டால் வேர் விட்டுவிடும். கானாவாழையைப் பிடுங்கி வரப்பில் போட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். அடியில் இருக்கும் தண்டைத் தூக்கிப் பார்த்தால் கணுவுக்குக் கணு வெள்ளை வேர் இறங்கியிருக்கும். தண்டு முழுக்கத் தண்ணீர் வைத்திருப்பதால் வெயிலில் அவ்வளவு சீக்கிரம் வாடாது. போதாக்குறைக்கு மண்ணுக்கு அடியிலும் பூத்து விதை பிடிக்கும் செடி அது. அதனால் கானாவாழையை மேலாக இழுத்து அறுக்காமல் கொத்தி எடுப்பதே நல்லது.

இந்த வகையை நேராகக் குழியில் போட்டால் குழியின் ஈரமும் சத்தும் அதற்கு நாற்றங்காலாகிவிடும். முதலில் காய வேண்டும். சிமெண்ட் களத்திலோ தகரத்தின் மேலோ தார்ப்பாயிலோ மெல்லிசாகப் பரப்பி, தினம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். கோடையில் அருகம்புல்லுக்கு ஒரு வாரம் போதும். கானாவாழைக்குப் பத்து நாளாவது வேண்டும். மண்தரையில் பரப்பினால் அடியில் வேர் பிடிக்கும், செய்த வேலை வீண். காய்ந்ததற்கு அடையாளம்: தண்டை மடக்கினால் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும். மடங்கி நாராகத் தொங்கினால் இன்னும் உயிர் இருக்கிறது. காய்ந்த அருகம்புல் பச்சைச் சரக்கு ஆகாது. வைக்கோல் மாதிரி உலர்சரக்குக் கணக்கில்தான் சேரும். குவியலுக்கு அதுவும் தேவைதான்.

மழைக்காலத்தில் காயவைக்க வழியில்லையே என்றால், 200 லிட்டர் டிரம்மில் ஊறப்போடலாம். களையைச் சாக்கில் திணித்துக் கட்டி, மேலே கல் வைத்து, முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி மூடி வையுங்கள். நாலு வாரத்தில் கூழாகிவிடும். நாற்றம் கடுமையாக இருக்கும், வீட்டை விட்டுத் தள்ளி வைப்பது நல்லது. கொசு வராமல் வாயைத் துணியால் கட்டிவிடுங்கள். தண்ணீரை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நல்ல தண்ணீர் கலந்து வேரடியில் ஊற்றலாம். கீரைக்குத் தெளிக்க வேண்டாம். சாக்கில் மிஞ்சிய கசடு குழிக்குப் போகலாம். தண்டு, வேருக்குத்தான் இந்த வழி சரி. முற்றிய விதை நாலு வாரம் நீரில் கிடந்தும் பிழைக்கும்.

கோரை

களைக்கொத்தியால் மெதுவாக ஒரு கோரையின் அடியைத் தோண்டிப் பாருங்கள். மேலே மூன்று நாலு இலைதான். கீழே கம்பி போன்ற வேர்த்தண்டு ஒரு கிழங்கில் போய் முடியும். அங்கிருந்து இன்னொரு கம்பி, இன்னொரு கிழங்கு என்று மணிமாலை கோத்தது போல ஓடும். கிழங்கு கருப்புத்தோல், நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, மூக்கருகே கொண்டுபோனால் மருந்துக்கடை வாசனை. மாலையில் நுனிக்கிழங்கு விழித்திருக்கும்போது மற்றவை தூங்கும். கம்பி அறுந்தால் தூங்கிய ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். ரொட்டவேட்டர் ஓட்டிய பிறகு கோரை இரட்டிப்பாவது இதனால்தான். அரைகுறையாகக் கொத்தி, அறுந்த கிழங்கைக் குழியில் போடுவதும் அதே காரியம்தான்.

கோரையின் மேல்தழை, பூக்கதிர் முற்றாமல் இருந்தால், நல்ல எருதான். தரைமட்டத்தில் அரிந்து போடுங்கள். கிழங்கு மட்டும் நேராகக் குழிக்குப் போகக்கூடாது. நீரில் ஊறவைப்பதை இதற்கு நம்பாதீர்கள். நெல் வயலிலேயே தாக்குப்பிடிக்கிற கோரைகள் இருக்கின்றன. கிழங்கின் பலவீனம் வறட்சி. ஏப்ரல், மே வெயிலில் தகரத்தின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி இரண்டு வாரம் விட்டால் சுருங்கிவிடும். சந்தேகமிருந்தால் பத்துக் கிழங்கை எடுத்துப் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்பாகி, கல் மாதிரி உடைந்தால் செத்தது. வெள்ளையோ லேசான இளஞ்சிவப்போ தெரிந்தால் இன்னும் ஒரு வாரம் போகட்டும். அதுவும் போதாது என்பவர்கள் இருபது கிழங்கை ஈரச்சாக்கில் சுருட்டி நிழலில் பத்து நாள் வைத்துப் பார்க்கலாம். ஒன்று முளைத்தாலும் அந்தத் தொகுதி இன்னும் குழிக்குப் போகத் தகுதியில்லை.

குவியல் போடுகிற இடத்திலும் கோரை இருக்கக்கூடாது. அடிமண்ணில் இருக்கும் கிழங்கு குவியலின் ஈரத்தைத் தேடி மேலே ஏறி வரும். மெல்லிய பாலித்தீன் மூடாக்கையே ஊசி போலத் துளைத்து வரும் செடி அது. சிமெண்ட் தளமோ, கெட்டித்த மண்ணோ பார்த்துப் போடுங்கள்.

சூடேறும் குவியல்

விதை முற்றிய களை நிறைய இருக்கிறது, எறியவும் மனமில்லை என்றால் ஒரே வழி இதுதான். ஈரமுள்ள விதை 55 முதல் 65 டிகிரி சூட்டில் தொடர்ந்து மூன்று நாளாவது இருந்தால் பெரும்பாலும் செத்துவிடும். "ஈரமுள்ள" என்ற சொல்லைக் கவனியுங்கள். காய்ந்த விதை அதே சூட்டை எளிதாகத் தாங்கும். குவியலின் ஓரங்களில் சூடும் இருக்காது, ஈரமும் இருக்காது. அங்கே கிடக்கும் விதையைக் கிளறி உள்ளே தள்ளும் வரை அதற்கு ஒன்றும் ஆகாது.

நீள அகல உயரம் ஒவ்வொன்றும் நாலு அடி. அதைவிடச் சிறிதாக இருந்தால் சூடு தங்காது. ஒரு குவியலுக்கு ஏறத்தாழ 300 கிலோ பச்சைக் களை, ஒரு நாள் வாடவிட்டது. 100 கிலோ உலர்சரக்கு, அதாவது துண்டாக்கிய சோளத்தட்டு, வைக்கோல், காய்ந்த இலை. 70 கிலோ புதுச்சாணம். இந்தக் கணக்கில் கரிமமும் தழைச்சத்தும் கிட்டத்தட்ட 28-க்கு 1 என்று அமையும். 25 முதல் 30 வரை இருந்தால் நுண்ணுயிர் சுறுசுறுப்பாக வேலை செய்யும். தராசு இல்லையென்றால் அன்னக்கூடையால் அளந்து மூன்று கூடை பச்சைக்கு இரண்டு கூடை சருகு என்று தொடங்குங்கள்.

களையை ஒரு சாண் அளவுக்கு நறுக்கிவிடுங்கள். அடியில் முருங்கைக் குச்சி, பருத்திமார் போன்றவற்றை அரை அடிக்குப் பரப்பினால் கீழிருந்து காற்று ஏறும். அதற்கு மேல் அரை அடிப் பச்சை, நாலு விரல்கடை சருகு, சாணிக்கரைசல் தெளிப்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். விதையுள்ள கதிர்களை நடுவில் வையுங்கள். வெளிப்புறம் ஒரு அடிக்கு அவை வரக்கூடாது. முழுக்குவியலையும் ஒரே நாளில் எழுப்ப வேண்டும். தினம் ஒரு கூடை சேர்த்துக்கொண்டே போகும் குழி என்றைக்கும் சூடேறாது. நம் ஊர்க் குப்பைக்குழிகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். களை சேரும் வரை காயவைத்துச் சாக்கில் வைத்திருந்து ஒரே நாளில் அடுக்குவது மேல்.

ஈரத்துக்குக் கைதான் அளவு. உள்ளே இருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் அதிகம், கையை விரித்ததும் உதிர்ந்தால் குறைவு.

இரண்டாம் மூன்றாம் நாள் சூடு ஏறும். நாலடி இரும்புக்கம்பியை நடுவரை செருகிக் கால்மணி நேரம் விட்டு உருவி, உள்ளே இருந்த முனையைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு விநாடிக்கு மேல் கை வைக்க முடியவில்லை என்றால் தேவையான சூடு வந்திருக்கிறது. வெதுவெதுப்பாகப் பிடித்துக்கொண்டே நிற்க முடிந்தால் விதை சாகாது. நீளத்தண்டு வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்த ஊகமே வேண்டாம். விதையுள்ள களையை அடிக்கடி போடுகிறவர்கள் அவசியம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ முதல் கிளறல். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை, மொத்தம் ஐந்து தடவை. கிளறுவது என்றால் புரட்டிப் போடுவது மட்டும் இல்லை. வெளிப்புறத்து ஒரு அடியைச் சீவித் தனியாக வைத்து, நடுச்சரக்கைப் பக்கத்தில் தள்ளி, சீவியதை நனைத்துப் புதுக்குவியலின் நடுவில் போட வேண்டும். ஐந்து கிளறலில் ஒவ்வொரு விதையும் ஒருமுறையாவது நடுச்சூட்டைப் பார்த்துவிடும். சூடு அடங்கிய பிறகு ஆறு முதல் எட்டு வாரம் மூடி ஆறவிட்டால் மண்வாசனை வரும்.

சூடே ஏறவில்லை என்றால் முதலில் ஈரத்தைப் பாருங்கள். நடுவில் சாம்பல் பூத்தது போல வெள்ளைப்பொடியும் எறும்பும் கரையானும் தெரிந்தால் காய்ந்துவிட்டது. பிரித்து அடுக்கடுக்காக நனைத்துத் திரும்பக் கட்டுங்கள். மேலே மட்டும் தண்ணீர் ஊற்றினால் அது ஓரமாக வழிந்துவிடும், உள்ளே இறங்காது. ஈரம் சரியாக இருந்தும் சூடு இல்லையென்றால் பச்சை போதவில்லை, இன்னும் 20 கிலோ புதுச்சாணம் சேர்க்கலாம். அழுகல் நாற்றம் வந்தால் தண்ணீர் அதிகம், காற்று குறைவு. மூக்கைத் துளைக்கும் காரநெடி வந்தால் பச்சை அதிகம். தழைச்சத்து காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் மருந்து சருகுதான். வடகிழக்குப் பருவமழையில்தான் களை கொழிக்கும், அப்போதுதான் சருகு கிடைக்காது. மாசி, பங்குனியில் உதிரும் இலையைச் சாக்கில் கட்டிக் கூரையடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் அதற்குத் தங்கத்தின் மதிப்பு. மழைக்குத் தார்ப்பாய் போடும்போது பக்கவாட்டில் காற்றுக்கு வழி விட்டு மேலே மட்டும் மூடுங்கள்.

மாடித்தோட்டக்காரர்களின் 50 லிட்டர், 100 லிட்டர் டிரம்கள் இந்தச் சூட்டை எட்டுவதில்லை. அவர்கள் விதை பிடிக்காத இளங்களையும் நன்றாகக் காய்ந்த தண்டும் மட்டும் போட்டால் போதும். விதையுள்ள கொஞ்சத்தை நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, கோடையில் மொட்டைமாடித் தரையில் ஒற்றை அடுக்காக ஆறு வாரம் வெயிலில் போட்டுவிட்டு அதன்பிறகு சேர்க்கலாம்.

ஆகாயத்தாமரை

ஏரிக்கரை ஊர்களில் இலவசமாகக் கிடைக்கிற சரக்கு, சாம்பல்சத்து நிறைய. ஆனால் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அப்படியே குவித்தால் இரண்டு நாளில் சேறாகி நாறும். கரையில் மூன்று நாலு நாள் வாடவிட்டு, நறுக்கி, சருகை வழக்கத்தை விட இரட்டிப்பாகச் சேர்த்து அடுக்க வேண்டும். எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கேட்காமல் எடுக்கவே கூடாது. இது தண்ணீரில் உள்ள உலோகங்களை உறிஞ்சி, பெரும்பாலும் வேரில் சேர்த்து வைக்கும் செடி. சாயக்கழிவு கலந்த நொய்யல், சாக்கடை கலந்த கூவம் போன்ற இடத்துச் சரக்கைச் சாப்பாட்டுப் பயிருக்கு எருவாக்க வேண்டாம். சுத்தமான ஏரி என்றாலும் வேர்க்கொத்தை வெட்டிவிட்டுத் தழையை மட்டும் எடுப்பது நல்ல பழக்கம்.

இந்தச் செடியை வைத்து இன்னொரு கணக்கும் புரியும். ஆகாயத்தாமரையின் விதை மட்காமல் தப்பினாலும் கத்தரித் தோட்டத்தில் அது களையாக முடியாது. அதே மாதிரி, பார்த்தீனியம் கலந்த எரு, தண்ணீர் நிற்கும் நடவு வயலுக்குப் போனால் பெரிய கெடுதல் இல்லை; வெங்காயத்துக்குப் போனால் களையெடுத்து மாளாது. காட்டுக் குதிரைவாலிப் புல்லுக்கு நேர்மாறு: நெல் வயல்தான் அதன் சொந்த வீடு. சந்தேகமுள்ள எரு இருந்தால் அந்தக் களை வாழ முடியாத நிலத்துக்கு அனுப்புங்கள். அந்த எரு போகிற வயலிலிருந்து தோட்டத்துக்குப் பாசனம் பாய்கிறதா என்பதையும் அனுப்பும் முன் பார்த்துவிட வேண்டும்.

சூட்டுக் குவியலிலும் வேண்டாதவை

சுடுமல்லி: சோளத்தின் வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணி. விதை தூசி மாதிரி. மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் காத்திருக்கும். ஒரு பிடி தப்பினாலும் நிலம் போச்சு. பூக்கும் முன் பிடுங்கி, பிடுங்கிய இடத்திலேயே எரித்துவிடுங்கள். குதிரைமசாலிலும் வெங்காயத்திலும் மஞ்சள் நூலாகச் சுற்றும் அம்மையார் கூந்தலையும், அது பிடித்த பயிரோடு சேர்த்து அப்படியே எரிக்க வேண்டும். ஒரு துண்டு நூல் இன்னொரு செடியில் பட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். களையை எரிக்கக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இவை இரண்டும் விலக்கு.

நெருஞ்சியின் இளங்கொடியைப் போடலாம், காயை வேண்டாம். உள்ளே விதை செத்தாலும் முள் எளிதில் மட்காது. எருவைக் கையால் தூவுகிறவரின் விரலிலும் களையெடுக்கிறவரின் காலிலும் ஏறும். சீமைக்கருவேலத்தின் முள்ளும் அப்படியே. அதன் நெற்று, தொட்டாற்சுருங்கியின் காய், உண்ணிச்செடியின் பழம் எல்லாம் கடினத்தோல் விதைகள், சூட்டை நம்பிப் பந்தயம் கட்ட வேண்டாம். இவற்றின் இலையும் இளந்தண்டும் தாராளமாகப் போகலாம்.

களைக்கொல்லி அடித்து வாடிய களையையும் ஒதுக்குங்கள். சோளம், கரும்பு வரப்பில் 2,4-டி அடித்த தழை குவியலில் சேர்ந்தால், மட்கியதாகத் தெரிந்தாலும் தக்காளியும் பயறும் முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. வேரைப் பிடுங்கும்போது முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தால் கவனியுங்கள். கொழிஞ்சியின் முடிச்சு நல்லது, வேரின் பக்கத்தில் ஒட்டியது போல இருக்கும், தேய்த்தால் உதிரும். சொடக்குத் தக்காளி, குப்பைக்கீரை வேர்களில் வேரே வீங்கியது போல இருந்தால் அது நூற்புழு. அந்த வேரை வெட்டி வெயிலில் கருகவிட்டுவிட்டுத் தழையை மட்டும் எடுங்கள்.

எரு தயாரான பின் வயலுக்கு ஏற்றும் முன்பு ஒரு சோதனை மிச்சம். குவியலின் நடு, ஓரம், அடி என்று நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, இரண்டு அகலத் தட்டில் மூன்று விரல்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். ஒன்றில் எதையும் விதைக்காமல், ஈரம் காயாமல், வெளிச்சத்தில் மூன்று வாரம் வையுங்கள். இன்னொன்றில் பாதிக்குப் பாதி தோட்டத்து மண் கலந்து இருபது தட்டைப்பயறு ஊன்றுங்கள். முதல் தட்டில் நாலைந்து கீரை முளைத்தால் அந்த எருவை மூடாக்குக்கு அடியிலோ தென்னை, வாழைக் குழியிலோ ஆழமாகப் போடலாம். நாற்றங்காலுக்கும் வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் வேண்டாம். கோரை ஒன்று தலைகாட்டினாலும் குவியலை மறுபடி சாணம் சேர்த்துச் சூடேற்ற வேண்டும். இரண்டாம் தட்டில் பயறின் இலை கிண்ணம் போலக் குவிந்தாலோ தண்டு முறுக்கினாலோ களைக்கொல்லி எங்கேயோ நுழைந்திருக்கிறது. அந்தக் குவியலை ஆறு மாதம் நனைத்துக் கிளறிக் கிடக்கவிட்டு, திரும்பவும் தட்டைப்பயறு ஊன்றிப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.